கேமரா ரெடி... நீங்க ரெடியா?

பாக்கெட்டில் மொபைல், அதில் சூப்பரான கேமரா. லேப்டாப்பில் எடிட்டிங் சாஃப்ட்வேர். ‘அப்புறம் என்ன மச்சி, ஒரு டாக்குமென்டரி எடுத்துட வேண்டியதுதானே!’ என்று கிளம்புகிற கோஷ்டியா நீங்கள்? வாழ்த்துகள்! ஆனால், கிளம்பும் முன் ஒரு விஷயம். இந்த வேலையில் இருக்கிறதிலேயே மலிவான ஐட்டம் கேமராதான். காஸ்ட்லி ஐட்டங்கள் இரண்டு. ஒன்று, உங்க நேரம். இன்னொன்று, கேமரா எதிரே உட்கார்ந்து பேசுகிறவரோட நம்பிக்கை.

சந்தேகமா? நம்ம ஊர் சீனியர் ஒருத்தரைப் பார்ப்போம் வாங்க.

கப்பலில் உதித்த ஐடியா!

ஏ.கே.செட்டியார். செட்டிநாட்டுக்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் போட்டோகிராஃபி படித்தவர். 1937 அக்டோபர் 2-ம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தவருக்கு, ‘காந்தியைப் பத்தி ஒரு டாக்குமென்டரி எடுத்தா என்ன?’னு தோணியிருக்கு. அன்னிக்கு கூகுளா, யூடியூபா? காந்தியை யார், எப்போ, எங்கே படம்பிடித்தார்கள் என்று விசாரித்து, நாடு நாடாக அலைந்து சேர்த்த பிலிம் 50,000 அடி. அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்தெடுத்து, 1940 ஆகஸ்ட்டில் தமிழில் ரிலீஸ் செய்தார். ஏறக்குறைய மூணு வருஷ உழைப்பு!

அதில் ஒரு சோகமும் உண்டு. அந்தத் தமிழ்ப் படம் பிற்பாடு காணாமலே போய்விட்டது. 1953-ல் வந்த அதன் ஆங்கில வடிவத்தைத்தான், பல வருஷங்கள் கழித்து ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடித்தார். ஆகவே, முதல் டிப்ஸ்: எடுத்ததை எல்லாம் அன்றைக்கே ரெண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி பண்ணி, ரெண்டு இடத்தில் வைங்க!

ஒரு நிமிஷத்துக்கு 11 மணி நேரம்

டிஜிட்டல் காலத்தில் எல்லாம் ஈஸி என்று நினைக்கிறீர்களா? முதுமலை தெப்பக்காடு முகாமில் படமாகி, 2023-ல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபென்ட் விஸ்பரர்ஸ்’ உருவாக ஐந்து வருஷம் ஆனது. சுமார் 450 மணி நேரத்துக்குப் படம்பிடித்து, கடைசியில் கிடைத்தது 40 நிமிஷப் படம். கணக்குப் போட்டால், திரையில் ஓடும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் 11 மணி நேர ஷூட்டிங்!

அதனால், எடிட்டிங் டேபிளில் தலை சுத்தாமல் இருக்க ஒரு வழி. பேட்டிகளை முழுசாக எழுதிவைத்துக்கொண்டு, முதலில் பேப்பரிலேயே படத்தை அடுக்கிப் பாருங்கள். கையில் காசு கம்மியா? நல்ல கேமராவைவிட நல்ல மைக்குக்கு முதலில் செலவு பண்ணுங்கள். படம் கொஞ்சம் ஆடினால்கூட ஜனங்க பொறுத்துப்பாங்க. பேசுறது புரியலைன்னா எழுந்து போயிடுவாங்க.

அவங்க கதை, உங்க படம்

அதே யானைப் படத்தையொட்டி, 2023-ல் அதில் வந்த தம்பதி தரப்பிலிருந்து பணம் தொடர்பாகப் புகார் எழுந்தது. படக்குழு அதை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கு. படம் எங்கெல்லாம் காட்டப்படும், காசு வந்தால் என்ன ஏற்பாடு, எதையெல்லாம் படத்தில் போடக் கூடாது... எல்லாத்தையும் முதல் ஷாட்டுக்கு முன்னாடியே, அவங்களுக்குப் புரிகிற பாஷையில் பேசி, எழுதி வாங்கிக்கங்க. ஒரு பிரதியை அவங்ககிட்டயும் கொடுங்க. உங்களுக்கு அது ஒரு படம். ஷூட்டிங் முடிஞ்சு நீங்க பஸ் ஏறின பிறகும், அவங்க அதே தெருவில்தான் வாழணும்!

துட்டுக்கு எங்கே போறது?

நிஜத்தைச் சொன்னால், டாக்குமென்டரி மட்டும் எடுத்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள் குறைவு. கல்யாண வீடியோ, கம்பெனி விளம்பரம், தொண்டு நிறுவனங்களுக்கான படம் என்று ஒரு பக்கம் சம்பாதித்து, மறுபக்கம் சொந்தப் படத்துக்குச் செலவழிப்பார்கள். வெளியே நிதி கேட்பதானால், கதைச் சுருக்கம், பட்ஜெட், ரெண்டு மூணு நிமிஷ டிரெய்லர் மூன்றும் தயாராக இருக்கணும். பெங்களூரில் ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’, ஆம்ஸ்டர்டாம் திரைப்பட விழாவின் நிதித் திட்டம் போன்றவை எல்லாம் இதைத்தான் கேட்கும். ‘இந்தக் கதையை நீங்கள் ஏன் எடுக்கணும்?’ என்பதற்கும் பதில் வேண்டும். அங்கேதான் பல பேர் மாட்டுவாங்க!

எடுத்தாச்சு... எங்கே காட்டுறது?

இந்தியாவில் பொதுத் திரையிடலுக்கு சென்சார் சான்றிதழ் வேண்டும். ஆனந்த் பட்வர்தனின் ‘வார் அண்ட் பீஸ்’ படத்தில் சென்சார் வெட்டச் சொன்ன காட்சிகளை வெட்டாமலே திரையிட, 2003-ல் மும்பை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மனிதர்களே மலக்குழியில் இறங்கிச் சாகும் அவலத்தைச் சொன்ன திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’, திரையிடத் தடைகள் வந்தபோது 2017-ல் யூடியூப் வழியாக ஜனங்களைச் சேர்ந்தது. 2003-ல் ‘பீ’ என்ற படத்தை எடுத்த அமுதன், அதற்கு முன்னாடியே, 1998-லேயே மதுரையில் டாக்குமென்டரி, குறும்பட விழாவை ஆரம்பித்துவிட்டார். ஒரு புரொஜெக்டர், ஒரு வெள்ளை வேட்டி, நாற்பது நாற்காலி இருந்தால் உங்க காலேஜிலும் தியேட்டர் ரெடி!

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்? உங்க காலேஜ் வாசலிலேயே ஆரம்பிங்க. செருப்புத் தைக்கிற பெரியவர், ராத்திரி வாட்ச்மேன், ஹாஸ்டல் சமையல்கார அக்கா... யாராவது ஒருத்தர். முதல் மூணு தடவை கேமராவை ரூமிலேயே வெச்சுட்டுப் போங்க. சும்மா பேசுங்க, அதைவிட முக்கியம், கேளுங்க. நாலாவது தடவை போறப்போ, ‘என்ன தம்பி, ரெண்டு நாளா ஆளைக் காணோம்?’னு அவங்களே விசாரிச்சா...

இப்போ கேமராவை ஆன் பண்ணலாம் பாஸ்!