சிகிச்சைக்குப் பின் எடை கூடுவது ஏன்?



புற்றுநோய் வந்தவர் உருகி மெலிந்துபோவார் என்றே நம்மில் அநேகர் எண்ணுகிறோம். ஆகவே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சகோதரி பருத்திருப்பதைக் கண்டால், "உடம்பு நன்றாகத் தேறிவிட்டது" என்கிறோம், சிலர் "இவளுக்கா வியாதி?" என்றும் பேசுகிறார்கள். உண்மையில், ஆரம்ப நிலையில் நோய் கண்டறியப்பட்ட பெண்களில் பலருக்குச் சிகிச்சையின்போது எடை கூடுகிறது. அது தேறுதலின் அடையாளம் அல்ல. அவர்களுடைய குற்றமும் அல்ல.

காரணங்கள் பல. கல்வராயன் மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். மேடு பள்ளம் ஏறி இறங்கிச் சாமைக் கொல்லையிலும் மரவள்ளிக் காட்டிலும் உழைத்தவள், கீமோதெரபி தொடங்கியதும் களைப்பினால் திண்ணையோடு நின்றுவிடுகிறாள். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து பசியைத் தூண்டுகிறது. மருந்துகளால் மாதவிலக்கு முன்னதாகவே நின்றுபோகலாம். தசை குறைந்து, அந்த இடத்தில் கொழுப்பு சேருகிறது. "சாப்பிட்டால்தான் பலம்" என்று வீட்டாரும் அன்போடு ஊட்டுகிறார்கள்.

இதைக் கவனிக்காமல் விடலாகாது. அதிக எடை சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் வழி செய்யும். அறுவைசிகிச்சை நடந்த பக்கத்துக் கை வீங்கும் வாய்ப்பும் கூடும். மாதவிலக்கு நின்ற பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்பிலிருந்தே உருவாகிறது. சிலவகை மார்பகப் புற்றுநோய்க்கு அந்த ஹார்மோனே தீனி.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. டாமாக்சிஃபென் மாத்திரைதான் உடம்பைப் பருக்க வைக்கிறது என்று நினைத்துச் சிலர் அதை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பாமல் தடுக்க 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டிய மருந்து அது. 11,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இம்மாத்திரையை உண்டவர்களுக்கும் மருந்தில்லாத போலி மாத்திரையை உண்டவர்களுக்கும் எடை கூடியதில் வேறுபாடு காணப்படவில்லை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவே கூடாது.

சிகிச்சை நடக்கும்போது பட்டினி கிடப்பதும் தவறு. பருப்பு, முட்டை, கீரை, காய்கறிகளோடு அளவான சோறோ சாமையோ போதும். மருத்துவர் அனுமதித்தால் வாரத்தில் 5 நாள் 30 நிமிடம் நடக்கலாம். முதலில் 10 நிமிடமே போதும். சில நாட்களுக்குள் எடை ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் அது கொழுப்பு அல்ல, நீர் தேக்கமாக இருக்கலாம். தாமதிக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியது என்ன? கள்ளக்குறிச்சியிலோ மலைமேலோ அப்படிப்பட்ட சகோதரியைப் பார்க்கப் போகும்போது இனிப்புப் பொட்டலத்துக்குப் பதிலாக முட்டையும் பழமும் கொண்டுபோங்கள். மறுபரிசோதனைக்குச் செல்லப் பேருந்துச் செலவுக்கு உதவுங்கள். அவருடைய உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "வாங்கம்மா, கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவோம்" என்று அழையுங்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்றும் அன்போடு விசாரியுங்கள்.