நாதசுவரக் கடைசல்

நாதசுவரக் கடைசல் என்பது நாதசுவரத்தின் மரப் பகுதிகளைச் சுழற்றிக் கடைந்தும் துளையிட்டும் உருவாக்கும் கைத்தொழில் ஆகும். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். இவ்வூர் நாதசுவரத்துக்கு 2022 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இக்கருவியை நாகசுரம் என்றே வழங்க வேண்டும் என்பாரும் உளர்.

இரு மரங்கள்

நாதசுவரத்தின் நீண்ட குழல் உலவு எனப்படும். அதன் அடியில் புனல் போல் விரிந்திருப்பது அணசு. உலவு ஆச்சா மரத்தாலும் அணசு வாகை மரத்தாலும் செய்யப்படுவது நரசிங்கம்பேட்டை மரபு. ஆச்சா (ஹார்ட்விக்கியா பினாட்டா) இந்தியாவின் மிகக் கனமான மரங்களுள் ஒன்று. அதன் வைரப் பகுதி கருஞ்சிவப்பு நிறமுடையது. வாகை அதைவிட எடை குறைந்தது. குழலின் மேல்முனையில் கெண்டை என்னும் உலோகக் குழாயும், அதில் சீவாளியும் பொருத்தப்படும். சீவாளி நாணலால் ஆனது. அது தனித் தொழில்.

பழைய மரத்தின் தேவை

உலவுக்குப் புதிதாக வெட்டிய மரத்தைக் கைவினைஞர் கொள்வதில்லை. இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண், உத்திரம் முதலியவற்றிலிருந்தே ஆச்சாவைத் தேடிப் பெறுகின்றனர். இதற்குக் காரணம் மரம் சுருங்கும் விதமாகும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. நீளவாக்கில் இச்சுருக்கம் மிகச் சிறிது. குறுக்கே நிகழும் சுருக்கமும் எல்லாத் திசையிலும் ஒன்றன்று: ஆண்டு வளையங்களின் வழியே ஏற்படுவது, மையத்திலிருந்து வெளிநோக்கி ஏற்படுவதைப் போல் பொதுவாக இரு மடங்கு. எனவே பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த துளை உலர்ந்தபின் நீள்வட்டமாகிவிடும், வெடிப்பதும் உண்டு. துளையின் அளவு மாறினால் சுருதி மாறும். பல பத்தாண்டுகள் கூரையைத் தாங்கி நின்ற உத்திரம் இச்சுருக்கத்தை முன்பே முடித்திருக்கும்.

கடையும் முறை

முதலில் கட்டை அறுக்கப்பட்டு ஓரங்கள் செதுக்கப்படும். பின்னர் கடைசல் பட்டறையில் அதைச் சுழலவிட்டு உளியால் உருட்டுவர். முற்காலத்தில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுத்துச் சுழற்ற, மற்றவர் உளி பிடிப்பது வழக்கம். மின் விசைப்பொறி வந்தபின் அந்த ஆள் தேவை குறைந்தது. வெளிப்புறத்தைக் கடைவதை விட நெடுந்துளை இடுவதே கடினம். மேலே குறுகிக் கீழே அகலும் இத்துளை கட்டையின் நடுவச்சிலிருந்து சற்று விலகினாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். அதன்பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. இறுதியாக ஏழு விரல் துளைகளும், பிரம்மசுரம் எனப்படும் ஐந்து துளைகளும் இடப்படுகின்றன. துளைகளை மெழுகால் ஓரளவு அடைத்துச் சுருதியைத் திருத்துவது வாசிப்பவர் வேலை.

ஒரே கட்டை

நிறம் வேறுபட்ட மரத்துண்டுகளை ஒட்டிக் கடையும் பூச்சாடிகள் பல நாடுகளில் செய்யப்படுகின்றன. ஒரு வளையத்துக்கு 12 துண்டுகள் எனில் ஒவ்வொன்றின் இரு முனையும் 15 பாகை சாய்வாக அறுக்கப்படும். வளையத்தைச் சுற்றி நார் ஓடுவதால் சாடியின் வட்டம் அவ்வளவாகக் குலைவதில்லை. கழிவுத் துண்டுகளும் பயன்படும். மேற்கத்திய ஓபோவும் பகுதி பகுதியாகக் கடைந்து தக்கை சுற்றிய முளைகளால் இணைக்கப்படுவதே. நாதசுவரத்தின் உலவோ ஒரே கட்டை. வெடிப்பும் கணுவும் இல்லாத நீண்ட மரம் வேண்டும் என்பதால், கிடைக்கும் பழைய மரத்திலும் பெரும்பகுதி இதற்கு உதவாது.

பாரி நாயனம்

முன்னர் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குறுகிய, உச்சச் சுருதி நாயனம். திருவாவடுதுறை டி. என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) வேண்டுகோளின்படி நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி 1930களில் சுத்த மத்திமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாயனத்தை வடிவமைத்தார். இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதி கொண்ட இது மேடைக் கச்சேரிக்கு ஏற்றதாக அமைந்து திமிரியைப் பின்தள்ளியது. குழல் நீண்டதால் தேவைப்படும் கட்டையின் நீளமும் கூடியது என்பது கவனிக்கத்தக்கது.

மரத் தட்டுப்பாடு

ஒரு வீட்டை இடிக்கும்போது ஒரு முறை மட்டுமே அதன் உத்திரம் கிடைக்கும். அண்மைக்கால வீடுகள் கற்காரையால் ஆனவை. அவற்றிலிருந்து வருங்காலத்தில் ஆச்சா கிடைக்காது. கருங்காலி போன்ற வேறு மரங்களில் கடைந்த நாதசுவரங்களும் உள்ளன. கும்பகோணம் ஆதி கும்பேசுவரர் கோயிலில் கருங்கல்லில் செய்த நாதசுவரம் ஒன்று உண்டு. ஆனால் காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரங்களின் வீதியுலாவில் வெயிலிலும் பனியிலும் மணிக்கணக்கில் ஏந்தி வாசிக்கக் கல் ஏற்றதன்று.