வங்கி மூடினால் பூ விற்ற பணம் என்னாகும்?

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மல்லிகையை எடை போட்டுவிட்டு வந்த அம்மா ஒருவர் போன வாரம் என்னை நிறுத்தினார். மொட்டுப்புழுவுக்கு மருந்து கேட்பார் என்று நினைத்தேன். "சார், மக கல்யாணத்துக்கு ஆறு லட்சம் பேங்குல கிடக்கு. ரெண்டு லட்சம் ஊர் சொசைட்டில இருக்கு. பேங்க் மூடிட்டா யாரு தருவா?" என்றார்.

எனக்குப் பணப் படிப்பு கிடையாது. ஆனாலும் இந்தக் கேள்வி நம் வாசகர் பலருக்கும் உள்ளதுதான். விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தூரத்துக் கதை வேண்டாம், பக்கத்துக் கரூரைப் பாருங்கள். 1926-ல் அங்கே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 மாலை ரிசர்வ் வங்கி கேட்டபடி மத்திய அரசு தடை போட்டது. வாராக்கடன் பெருகி, மூலதனம் கரைந்துபோனதுதான் காரணம். ஒரு மாதத்துக்கு ரூ.25,000-க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். மருத்துவம், படிப்பு, கல்யாணம் போன்ற செலவுக்கு மட்டும் தனி அனுமதி. பத்தே நாளில், நவம்பர் 27-ல், அந்த வங்கி டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. பங்கு வாங்கி வைத்திருந்தவர்களுக்கோ ஒன்றுமே மிஞ்சவில்லை. டெபாசிட் வேறு, பங்கு வேறு என்பது பலருக்கு அன்றுதான் உறைத்தது.

எல்லாக் காலத்திலும் இப்படி நடந்ததில்லை. 1906 அக்டோபரில் சென்னை அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, மாகாணம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் பணத்தை இழந்தார்கள். முதலாளி ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். பணம் முழுதாகத் திரும்பி வரவில்லை. அந்த அடியில்தான் நம்மவர்கள் சேர்ந்து 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். முதல் உலகப்போருக்குப் பிறகு கோதுமை, பருத்தி விலை சரிந்தது. விவசாயி கடனைக் கட்ட முடியவில்லை. கிராமத்துச் சின்ன வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடின. 1933 மார்ச்சில் நாடு முழுக்க எல்லா வங்கிகளையும் சில நாள் அடைத்தே வைத்தார் ஜனாதிபதி ரூஸ்வெல்ட். டெபாசிட்டுக்கு அரசு இன்சூரன்ஸ் அந்த ஆண்டுதான் அங்கே சட்டமானது. நம் நாட்டில் 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு, 1962-ல் வந்தது. அன்று காப்பு ரூ.1,500; 2020 பிப்ரவரி முதல் ரூ.5 லட்சம்.

இதில் கவனிக்க வேண்டியது: ஐந்து லட்சம் என்பது ஓர் ஆளுக்கு, ஒரு வங்கிக்கு. அசல், வட்டி இரண்டும் சேர்த்து. ஒரே வங்கியின் நிலக்கோட்டைக் கிளை, திண்டுக்கல் கிளை என்று பிரித்துப் போட்டாலும் ஒன்றாகத்தான் கூட்டுவார்கள். அங்கே உங்கள் கடன் பாக்கி இருந்தால் கழித்துக்கொள்வார்கள். அடகு வைத்த நகை உங்கள் சொத்து. கடனைக் கட்டி மீட்கலாம். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது, நமக்குச் செலவில்லை. 2021-ல் செய்த திருத்தப்படி, பணம் எடுக்கத் தடை வந்தால் 90 நாளுக்குள் இந்தத் தொகையைத் தர வேண்டும்.

அந்த அம்மாவுக்கு இதில் பாதிதான் நல்ல சேதி. ஆறு லட்சத்தில் ஐந்துக்கு உத்தரவாதம் உண்டு. மீதி ஒரு லட்சத்தை வேறு வங்கிக்கு மாற்றச் சொன்னேன். சொசைட்டியில் போட்ட இரண்டு லட்சம்தான் சிக்கல். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு இந்த இன்சூரன்ஸ் உண்டு. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. இரண்டும் கூட்டுறவுதானே என்று நம்மில் பலர் ஒன்றாக நினைக்கிறோம். சங்கம் நமக்கு வேண்டியதுதான். பயிர்க்கடனும் உரமும் அங்கேதான். ஆனால் கல்யாணப் பணத்தை அங்கே வைக்குமுன், டெபாசிட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று செயலாளரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை, கோபித்துக்கொள்ளவும் மாட்டார். பூக்கடைக் கமிஷன்காரரிடம் மாதக்கணக்கில் விட்டு வைக்கும் பாக்கிக்கும் எந்தக் காப்பும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தடை வந்தபின் இன்சூரன்ஸ் பணம் வாங்க அடையாளச் சான்றும் வேறொரு வங்கிக் கணக்கும் கேட்பார்கள். பாஸ்புக்கில் பெயர், செல்போன் எண், நாமினி சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். அந்த அம்மாவின் டெபாசிட்டில் நாமினியாக இருந்தது, காலமாகி நான்கு வருடமான அவர் மாமனார்.