சீருடை களைந்த பின்னும் ஓயாத தொண்டு

மலாக்கா நீரிணையின் கரையோரத்தில் வாழும் கோலா சுங்கை பாரு மக்களாகிய நமக்குக் கடல் அன்றாடக் காட்சியாகும். விடியலில் மீன்பிடிப் படகுகள் கரை திரும்புகின்றன. தொலைவில் சரக்குக் கப்பல்கள் வரிசை பிடித்துச் செல்கின்றன. சுமார் 800 கிலோமீட்டர் நீளமுள்ள இந்நீர்வழியில் கப்பல்கள் அச்சமின்றிச் செல்ல வேண்டுமானால், இரவு பகலாகக் கண்விழித்துக் காவல் காப்போர் இருக்க வேண்டும். அவர்கள் பணி நம் கண்ணில் படுவதில்லை. அதனாலேயே அவர்கள் மறைந்த பின் நாம் எளிதில் மறந்தும் விடுகிறோம்.

மறைந்த ஒரு கடற்படை வீரரைப் போற்றுவது எப்படி? அறப்பணியில் ஈடுபாடு கொண்ட நாம் சற்றே சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

நடுகல் சொல்லும் பாடம்

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி வகுத்து வைத்தனர். ஊரையும் ஆநிரையையும் காக்கப் போரிட்டு மாண்டவனுக்கு நடுகல் நட்டு வழிபட்டனர். எழுத்துப் பொறித்த நடுகற்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றில் அடுக்கடுக்கான புகழ்மொழிகள் இல்லை. இன்னார், இன்ன ஊரில், இன்ன செயலைச் செய்தார் என்ற செய்தியே இருக்கும். பெயர், இடம், செயல் ஆகிய மூன்றையும் வழுவாமல் பதிவு செய்வதே உண்மையான அஞ்சலி என்று அவர்கள் கருதினர் போலும்.

திருக்குறளும் வீரனின் பெருமையைப் படைச்செருக்கு என்ற அதிகாரத்தில் பேசுகிறது. ஊருக்கு உதவி வாழ்வதை ஒப்புரவறிதல் என்ற வேறோர் அதிகாரத்தில் பேசுகிறது. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் கூடி வருவது அரிது. அவ்வாறு கூடி வந்த ஒருவர், 2024ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் தமது 90ஆவது வயதில் மறைந்த இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அமரர் அட்மிரல் லட்சுமிநாராயண் ராம்தாஸ் ஆவார்.

படைப்பணி

ராம்தாஸ் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாயின் மாதுங்காவில் பிறந்தார். 1953இல் கடற்படை அதிகாரியாகப் பொறுப்பேற்றார். தகவல் தொடர்புத் துறையில் சிறப்புப் பயிற்சி பெற்றார்.

1971 டிசம்பரில் நடந்த போரின்போது ‘பியாஸ்’ என்ற போர்க்கப்பலுக்கு அவரே தலைவர். விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’ தலைமையில் சென்ற கிழக்குக் கடற்படையில் இக்கப்பலும் இடம்பெற்று, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் கடற்கரையை முற்றுகையிட்டது. முற்றுகை என்பது வெறும் பீரங்கிச் சண்டை அன்று. எதிரிக்குக் கடல் வழியே உதவி வராமலும், அவ்வழியே அவன் தப்பிச் செல்லாமலும் தடுப்பதே அதன் நோக்கம். கடல் அடைபட்டதால் நிலத்தில் நடந்த போர் விரைந்து முடிய வழி பிறந்தது. டிசம்பர் 3ஆம் நாள் மூண்ட போர் 16ஆம் நாள் முடிவுற்று, வங்காளதேசம் என்ற புதிய நாடு மலர்ந்தது. ராம்தாஸுக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. போர்க்கள வீரத்துக்காக இந்தியா அளிக்கும் விருதுகளில் இது மூன்றாம் நிலையில் உள்ளது.

1990 நவம்பரில் அவர் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதுவரை மருத்துவப் பிரிவில் மட்டுமே இருந்த பெண்களுக்கு, 1992இல் கடற்படையின் பிற பிரிவுகளிலும் அதிகாரிகளாகச் சேரும் வாய்ப்பு அவர் காலத்தில்தான் கிட்டியது. 1993 செப்டம்பரில், நாற்பதாண்டுப் பணியை நிறைவு செய்து ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பின்

பெரும் பதவி வகித்தவர்கள் பெருநகரில் வசதியாக வாழ்வது இயல்பு. அவரோ மகாராஷ்டிர மாநிலத்தின் அலிபாக் அருகே ஒரு சிற்றூரில் துணைவியார் லலிதாவுடன் குடியேறி, இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டார்.

போர் எவ்வளவு கொடியது என்பதைக் கண்டவர் அவர். ஆகவே ஓய்வுக்குப் பின் அமைதிக்காக உழைத்தார். இந்திய, பாகிஸ்தான் மக்களிடையே நல்லுறவு வளர்க்கும் மக்கள் மன்றத்தில் முன்னணிப் பங்காற்றினார். 1998இல் இரு நாடுகளும் அணுகுண்டுச் சோதனை நடத்தியபோது, அணு ஆயுதம் வேண்டாம் என்று துணிந்து குரல் கொடுத்தார். அக்கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் களம் கண்ட வீரரே அமைதியைப் பேசும்போது, அவரைக் கோழை என்று எவரும் ஒதுக்கிவிட இயலாது. 2004ஆம் ஆண்டு, பாகிஸ்தானைச் சேர்ந்த ஐ. ஏ. ரஹ்மானுடன் இணைந்து அவருக்கு ராமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் எதிரெதிர் நின்ற இரு நாடுகளின் மைந்தர்கள் ஒரே மேடையில் ஒரே பணிக்காகப் போற்றப்பட்டனர்.

நமக்கும் உண்டு பெருமை

அவருடைய மாமனார் வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அதுவரை ஆங்கிலேய அதிகாரிகளே வகித்து வந்த கடற்படைத் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் அவரே.

அதே 1958ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், நம் நாட்டுக் கடற்படையும் பிரிட்டிஷாரிடமிருந்து மலாயாக் கூட்டரசின் பொறுப்புக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1967 டிசம்பர் முதல் நாள், அதன் தலைமையை ஏற்ற முதல் மலேசியர் டான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம் ஆவார். அப்போது அவருக்கு வயது 31 மட்டுமே. நம் சமுதாயத்தின் மைந்தர் ஒருவர் நாட்டின் கடலைக் காக்கும் படைக்குத் தலைமை தாங்கினார் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

நாம் செய்யக்கூடியது

தளபதிகளின் பெயர் வரலாற்றில் நிற்கும். கப்பலின் இயந்திர அறையில் வெந்தவரும், சமையற்கட்டில் நின்றவரும், தகவல் அறையில் இரவெல்லாம் விழித்திருந்தவரும் எங்கே பதிவாகின்றனர்? அவர்களில் பலர் ஓய்வுக்குப் பின் கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் அமைத்திருப்பர். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் கணக்கு எழுதியிருப்பர். துக்க வீட்டில் முதல் ஆளாக நின்றிருப்பர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தபோது, பழைய நிழற்படங்களும் பதக்கங்களும் பல இடங்களுக்குச் சிதறிப் போயின.

ஆகவே பக்தர்களும் நன்கொடையாளர்களும் மூன்று காரியங்களை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, முன்னாள் வீரர் வாழும்போதே அவரிடம் அமர்ந்து, சேர்ந்த ஆண்டு, பணியாற்றிய கப்பல், ஓய்வுக்குப் பின் ஆற்றிய தொண்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைத்தல். இரண்டாவது, மறைந்தவர் பெயரில் ஏழை மாணவருக்குக் கல்வி உதவியோ, நினைவு நாளில் அன்னதானமோ வழங்குதல். மூன்றாவது, ஜூலை 31ஆம் நாள் நாடு வீரர் தினம் கொண்டாடும்போது, அவர்தம் பெயரைச் சொல்லி ஒரு விளக்கேற்றுதல்.

இவற்றில் முதலாவதற்குப் பணமே தேவையில்லை. ஒரு மாலைப் பொழுதும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஆனால் காலம் தாழ்த்தினால் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது கிடைக்காது.

நடுகல் நட்ட மரபில் வந்தவர்கள் நாம். கல் நடாவிட்டாலும், பெயர், இடம், செயல் ஆகிய மூன்றையும் ஓர் ஏட்டிலேனும் பொறித்து வைப்போம். கடல் காத்தவர்களின் நினைவைக் காப்பது கரையில் வாழும் நம் கடமையாகும்.