முள் 'கால்' எண்டு சொல்லுது, டாங்க் காய்ஞ்சு கிடக்குது

இந்தக் கிழமை எபிசோட்டில, மின்சாரக் காரில பற்றறி எத்தனை வீதம் மிச்சம் இருக்கெண்டு திரை எப்படிக் கணக்குப் போடுது எண்டு கதைச்சோம். அதை எடிட் பண்ணேக்க எனக்கு ரோவில்லில இருக்கிற பெரியப்பாவின்ர கார்தான் ஞாபகம் வந்தது. 1960 மொறிஸ் மைனர். அதில சிப்பும் இல்ல, சொஃப்ட்வெயாரும் இல்ல. டாங்குக்குள்ள ஒரு மிதவை, டாஷ்போர்டில ஒரு முள், நடுவில ஒரே ஒரு வயர். அதுவே பிழையாச் சொல்லலாம்.

போன மாசம் ஈஸ்ட்லிங்கில நாங்கள் போய்க்கொண்டிருக்க, கார் இருமி இருமி நிண்டிட்டுது. முள் கால் டாங்கில நிக்குது. டாங்கில ஒரு சொட்டும் இல்ல. நூறில வாற லொறிகளுக்குப் பக்கத்தில, பெயருக்கு ஒரு ஓரம், அதில நாங்கள் ரெண்டு பேரும். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா ஒரே பிடி: "இதை வித்துப்போட்டு மற்ற வேலையைப் பாருங்கோ." விக்டோரியாவில பழைய காருக்குக் கிளப் பெர்மிட் எடுத்தா வருசத்துக்கு 45 நாளோ 90 நாளோதான் ஓடலாம். அந்தக் கொஞ்ச நாளும் போயிடுமோ எண்டு பெரியப்பாவுக்குக் கவலை.

அவருக்கு முள்ளை நம்புற பழக்கமே முந்தி இல்லையாம். யாழ்ப்பாணத்தில அவையிட்ட ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. 1990களில பொருளாதாரத் தடையால பெற்றோல் கிடைக்காத காலம். கார்புரேட்டருக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில ஓடுவினம். "ஒவ்வொரு போத்தலும் எண்ணி ஊத்தினதடா, முள் எதுக்கு?" எண்டார். மெல்பேர்ணில பம்பில நிரப்பப் பழகினதும் முள்ளை நம்பத் தொடங்கிட்டார்.

சரி, முள் எப்படி வேலை செய்யுது? மிதவை ஏறி இறங்க, அதோட இருக்கிற கை ஒரு தடைக் கம்பிச் சுருளில உரசிக்கொண்டு போகும். இதைத்தான் சென்டர் எண்டு சொல்றது. பெற்றோலின்ர மட்டம் இப்ப மின்தடையா மாறிட்டுது. அந்தத் தடையைக் கேஜ் வாசிக்கிற விதம் ரெண்டு. இதை விளங்காமல்தான் கனபேர் நல்ல சென்டரைக் கழட்டி எறியினம்.

பழைய விதத்தில, முள்ளுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு சுருள். ஒண்டு 'காலி' பக்கம் இழுக்கும், மற்றது 'நிறை' பக்கம். சென்டரில தடை குறைஞ்சா மின்சாரம் ரெண்டாவது சுருளை விட்டிட்டு சென்டர் வழியா ஓடிடும், முள் காலிக்குச் சாயும். தடை கூடினா நிறைக்குப் போகும். பற்றறி கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ரெண்டு சுருளும் சேர்ந்தே மாறுறதால முள் அசையாது. அழகான ஐடியா எண்டு நினைக்கிறன்.

60களின்ர நடுவில இருந்து பிரிட்டிஷ் கார்களுக்கு வந்த மற்ற விதத்தில, சூட்டில வளையிற ஈருலோகப் பட்டை இருக்கும். இது நேர் எதிர்: தடை குறைஞ்சால்தான் நிறை. முள் ஆறுதலா ஏறும். இதுக்கு 12 வோல்ட்டைச் சராசரியா 10 ஆக்கிக் குடுக்கிற ஒரு சின்னப் பெட்டியும் வேணும். பெற்றோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் சேர்ந்து கூடக் காட்டினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்தப் பெட்டியை.

எங்கட காரில முள் சாவி போட்டதும் பாய்ஞ்சு ஏறுது, வளைவில ஆடுது. அப்ப பழைய விதம்தான். இக்னிஷனை நிப்பாட்டி, பூட்டுக்குள்ள சென்டரில இருந்து வயரைக் கழட்டி, பிறகு சாவி போட்டம்: முள் நிறைக்குப் போச்சு. திரும்ப நிப்பாட்டி, அந்த வயரைக் காரின்ர உடம்பில இறுக்கிக் கட்டிப்போட்டு சாவி போட்டம்: காலிக்கு வந்தது. கேஜும் வயரும் சரி. (ஈருலோக விதத்தில இது தலைகீழா நடக்கும்.) ஒவ்வொரு முறையும் நிப்பாட்டிறது சும்மா இல்ல. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம், கீழ தங்கி நிக்கும், ஒரு பொறி காணும். கராஜ் கதவைத் திறந்து வைச்சுச் செய்யுங்கோ. சென்டரைக் கழட்டப் போறீங்களெண்டா பற்றறியையும் கழட்டுங்கோ.

இனி சென்டரும் அதின்ர எர்த்தும்தான் மிச்சம். மைனரில எர்த் பற்றறியின்ர பொசிட்டிவ் பக்கம். மல்டிமீட்டரில மைனஸ் வர, வயரைப் பிழையாக் கொழுவிட்டம் எண்டு நினைச்சு அரை மணித்தியாலம் போச்சு. பிறகு பற்றறியைக் கழட்டிப்போட்டு சென்டரின்ர உடம்புக்கும் காரின்ர உடம்புக்கும் நடுவில தடையை அளந்தம். பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேணும். இருபது ஓமுக்கு மேல காட்டிச்சுது. முழுக்கத் துரு.

ஆபத்து இதிலதான். துரு ஒரு மேலதிகத் தடை. பழைய விதக் கேஜுக்குத் தடை கூடினா 'பெற்றோல் இருக்கு' எண்டு அர்த்தம். அதே துரு ஈருலோகக் கேஜில குறைச்சுக் காட்டியிருக்கும், நாங்களும் வேளைக்கே பம்புக்குப் போயிருப்பம். மிதவை ஓட்டையானாலும் குறைச்சுத்தான் காட்டும், அதால ஒருத்தரும் நடுறோட்டில நிக்கிறேல்ல.

எமரி கடதாசியால துருவைத் தேய்ச்சு, சென்டரின்ர ஒரு ஸ்குரூவில இருந்து உடம்புக்குத் தனியா ஒரு எர்த் வயர் போட்டம். மூண்டு டொலர் கூட வராது. பிறகு காலி டாங்கில இருந்து ஐஞ்சு ஐஞ்சு லீற்றரா ஊத்தி, ஒவ்வொரு முறையும் முள் எங்க நிக்குதெண்டு பெரியப்பா கிளப் பெர்மிட் லொக்புக்கின்ர பின் அட்டையில எழுதினார். டாங்க் ஆறரைக் கலன், கிட்டத்தட்ட 29 லீற்றர். இப்ப முள் 'கால்' எண்டா உள்ளுக்கு ஏழு லீற்றர் இருக்கு.

பெரியம்மா அந்த அட்டையை வாசிச்சுப் பார்த்திட்டு, "ஸ்டட் பார்க் மட்டும் போயிட்டு வாங்கோ, ஈஸ்ட்லிங் பிறகு பாப்பம்" எண்டா. பூட்டில ஐஞ்சு லீற்றர் கானும் வாங்கி வைச்சிருக்கிறா.