காலில் குத்திய கருக்கும் கால்சியமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே உடன்குடிப் பக்கம் போயிருக்கிறீர்களா? செம்மணல் தேரி, பனைமரங்கள், கருப்பட்டி காய்ச்சும் வாசனை. அங்கே ஒரு விளையில் நடக்கும்போது கருக்குமட்டை உங்கள் காலைக் கிழித்துவிட்டது என்று வையுங்கள். அதற்குப் பிறகு உள்ளே நடப்பதுதான் வேடிக்கை!

சில மணி நேரத்தில் வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரை நெருக்கித் தள்ளிக்கொண்டு காயத்துக்கு வந்துவிடும். 1882-ல் மெச்னிகோஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி இத்தாலியின் மெசினா கடற்கரை ஊரில் இதைத்தான் பார்த்தார். நட்சத்திர மீனின் இளம்புழுவுக்குள் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றி ஒரே அணுக்கூட்டம்! 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சூழ்ந்தால் போதுமா? கொல்ல வேண்டாமா? வெள்ளணு கிருமியை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. விஷச் சரக்கு வேறு சின்னச் சின்னப் பைகளில் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகக் கலக்க வேண்டும். ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் தொட்டதும் ஒன்றாகிவிடும். இந்தப் பைகளின் தோலும் கொழுப்பால் ஆனதுதான். ஆனால் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. அவற்றை இழுத்து இணைக்கப் புரதங்கள் இருக்கின்றன. 'ம், ஆகட்டும்' என்று உத்தரவு கொடுப்பது கால்சியம்!

வெள்ளணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைவிடச் சுமார் 10,000 மடங்கு அதிகம். ஓட்டை வள்ளத்தில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, அணுவும் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. கிருமி தொட்டதும் முதலில் உள்ளே சேமித்த கால்சியம் அவிழும், பிறகு வெளித்தோலின் கதவுகள் திறக்கும். கொஞ்சம் ஏறினால் சாதுவான பைகள்தான் அசையும். கடும் விஷப் பைக்கு நிறைய ஏற வேண்டும். பின்னே, அது சிந்தினால் நம் சதையையே அரித்துவிடுமே!

"அப்போ பதநீர்ல சுண்ணாம்பு இருக்கே, நிறைய குடிச்சா எதிர்ப்புச் சக்தி ஏறுமா?" என்று கேட்பீர்கள். ஏறாது. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும்படி பாராதைராய்டு சுரப்பி கட்டிக் காக்கிறது. நாமாகக் கால்சியம் மாத்திரை வாங்கி முழுங்கினால் மலச்சிக்கல்தான் மிச்சம். சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரலாம்.

ஆனால் சர்க்கரை நோயாளிகளே, நீங்கள் கொஞ்சம் கவனியுங்கள். 1995-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களின் வெள்ளணுக்களில் சும்மா இருக்கும்போதே கால்சியம் கூடுதலாக இருந்தது. கிருமியை விழுங்கும் திறனும் குறைந்திருந்தது. வள்ளத்தில் ஏற்கெனவே தண்ணீர் நின்றால் புதிதாக வருவது எப்படித் தெரியும்? மருந்தால் சர்க்கரை இறங்கியதும் இரண்டுமே சீர்பட்டன.

"கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று டம்ளர் டம்ளராகக் கருப்பட்டிக் காபி குடிக்கிறவர்களை எனக்குத் தெரியும். அதுவும் பெரும்பாலும் சர்க்கரைதான் சார்! மரத்துப்போன காலில் முள் குத்தினால் வலியே தெரியாது. ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். காயத்தில் சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காமல் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சிவந்து வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.