கண் அழுத்த நோயும் சொட்டு மருந்தின் விலையும்

வயது முதிர்ந்தோர்க்குக் கண் மங்கினால், புரை விழுந்திருக்கும், முற்றிய பின் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவது நம் கிராமங்களில் வழக்கம். புரையைப் பொறுத்தவரை இத்தாமதத்தால் பெரும்பாலும் மோசம் நேர்வதில்லை. அறுவைச் சிகிச்சை செய்து செயற்கை வில்லையைப் பொருத்தியதும் இழந்த பார்வை திரும்பிவிடுகிறது. ஆனால் கண் அழுத்த நோய் அல்லது கிளாக்கோமா என்று சொல்லப்படும் வேறொரு வியாதி உண்டு. இதில் போன பார்வை போனதுதான். எஞ்சியிருப்பதைக் காப்பாற்றவே டாக்டரால் இயலும். அப்படிக் காப்பாற்றுவதற்குப் பெரும்பாலோர்க்கு வேண்டியது ஒரு சிறு புட்டிச் சொட்டு மருந்துதான். அது ஒரு மாதத்திற்கோ ஒரு வருஷத்திற்கோ அன்று, ஆயுள் உள்ளளவும் வேண்டும் என்பதே இங்குள்ள சங்கடம். ஆகவேதான் அதன் விலையைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத முற்படுகிறோம்.

நமது கண்ணின் முன்பாகத்தில் தெளிந்த நீர் ஒன்று ஓயாது சுரந்து ஓயாது வடிந்துகொண்டிருக்கிறது. ஏரிக்கு நீர்வரத்தும் கலிங்கும் இருப்பதைப் போன்றது இது. வடிகால் சரிவர வேலை செய்யாவிடில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுகிறது. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு அதனால் சிறிது சிறிதாக நலிகிறது. இயல்பான அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு என்பர். இந்த அளவுக்கு உட்பட்டே நரம்பு கெடுவோரும் உண்டு. திடீரெனக் கடும் வலியோடு வரும் வகையும் இந்நோயில் இருக்கிறது. எனினும் பலருக்கு வருவது வலி, சிவப்பு, உறுத்தல் எதுவுமின்றி வருவதே. முதலில் பக்கப் பார்வை குறைகிறது. நேர்ப் பார்வை கடைசி வரையில் நிலைத்திருப்பதால், ஊசியில் நூல் கோக்க முடிந்தவர் கூட வரப்பில் போகும்போது பக்கத்தில் நிற்கும் மாட்டின் மேல் மோதிக்கொள்வார். சென்னையை அடுத்த கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சுமார் 3,900 பேரைப் பரிசோதித்து 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், 64 பேருக்கு இவ்வகை நோய் காணப்பட்டது. அவர்களில் தமக்கு அந்நோய் உண்டென்று முன்பே அறிந்திருந்தவர் ஒரே ஒருவர்!

இனி மருந்துக்கு வருவோம். பல மருந்துகள் இருப்பினும், பெரிதும் வழங்குவன இரண்டு. டிமோலால் என்பது கண்ணில் நீர் சுரப்பதைக் குறைப்பது. அமெரிக்க நாட்டில் இது 1978-இல் கண் சொட்டு மருந்தாக அனுமதி பெற்றது. லேட்டனோபிராஸ்ட் என்பது நீர் வடிவதைப் பெருக்குவது. இது 1996-இல் அங்கு அனுமதி பெற்றது. புதிதாகக் கண்ட மருந்தைக் கண்டவர் மட்டுமே சில காலம் விற்பதற்குக் காப்புரிமை இடம் தருகிறது. ஆராய்ச்சிக்குச் செலவிட்ட பணத்தை அவர்கள் விலையில் ஈட்டிக்கொள்கின்றனர். அந்த உரிமைக் காலம் முடிந்ததும் அதே மருந்தை யாரும் தயாரிக்கலாம். லேட்டனோபிராஸ்டுக்கு அமெரிக்காவில் அந்த நாள் 2011-இல் வந்தது. நம் நாட்டிலோ 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை அளித்ததேயன்றி, மருந்துக்கே உரிமை அளிக்கவில்லை. 2005-இல் சட்டம் திருத்தப்படும் வரை நிலைமை அவ்வாறே இருந்தது. அதனால் ஒரே மருந்தை நம் கம்பெனிகள் பல தயாரித்து, ஒவ்வொன்றும் தான் விரும்பிய பெயரைச் சூட்டி விற்பது இங்கு வெகுநாளைய வழக்கம்.

ஆக, ஒரு புட்டிக்கு இரண்டு பெயர்கள். ஒன்று உள்ளிருக்கும் மருந்தின் பெயர். அதனை ஜெனரிக் பெயர் என்பர். மற்றது கம்பெனி இட்ட வியாபாரப் பெயர். கடையில் நாம் கேட்பதும் அண்டை வீட்டாரிடம் சொல்வதும் பின்னதைத்தான். பிள்ளையை வீட்டில் ஒரு பெயரால் அழைத்து, பள்ளிக்கூடத்தில் வேறு பெயரை எழுதினால் பிள்ளை இரண்டாகிவிடுவதில்லை. அதுபோல, மருந்தும் அதன் அளவும் ஒன்றாயிருப்பின், வியாபாரப் பெயருக்காகக் கூடுதலாகத் தரும் பணத்தில் பெரும்பங்கு விளம்பரத்திற்கும் விற்பனையாளர்க்கும் போகிறதேயன்றிக் கண்ணுக்குப் போவதில்லை என்பது நமது கருத்து.

விலை குறைந்ததில் வீரியமும் குறைந்திருக்குமே என்று ஐயுறுவோர் உண்டு. இந்த ஐயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுவதற்கில்லை. மருந்து ஒன்றேயாயினும், அதனைக் கெடாமல் வைக்கச் சேர்க்கும் பொருளும், புட்டியும், அதன் மூக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடலாம். சிலர்க்கு ஒன்று எரிச்சலூட்டும், மற்றொன்று ஒத்துக்கொள்ளும். கம்பெனி மாறினால் சில வாரங்களுக்குள் கண்ணின் அழுத்தத்தை ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது விவேகம். கண்ணில் இடும் மருந்து கிருமியற்றதாக இருத்தல் வேண்டும் என்பது அதனினும் முக்கியம். தமிழ்நாட்டில் தயாராகி அமெரிக்காவில் விற்கப்பட்ட செயற்கைக் கண்ணீர்த் துளிகள் 2023-இல் கடுந்தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டன. அந்நாட்டில் சிலர் பார்வையையும் சிலர் உயிரையும் இழந்தனர். அத்துளிகள் வியாபாரப் பெயர் தாங்கியவையே என்பதை இங்கு குறிப்பிட வேண்டும். சுத்தம் தொழிற்சாலையையும் அதனைத் தணிக்கை செய்வோரையும் பொறுத்தது, பெயரைப் பொறுத்ததன்று.

இப்போது கணக்கைப் பார்ப்போம். லேட்டனோபிராஸ்ட் 2.5 மில்லிலிட்டர் புட்டியில் சுமார் 80 சொட்டுகள் கிடைக்கும். இரவில் கண்ணுக்கு ஒரு சொட்டு வீதம் இரு கண்களுக்கும் மாதத்திற்கு வேண்டியவை 60. திறந்த புட்டியை மாதக்கணக்கில் வைத்திருத்தல் கூடாதாகையால், மாதத்திற்கு ஒன்று என்றே கொள்வோம். இரு கம்பெனிகளின் புட்டிகளுக்கிடையே 200 ரூபாய் வித்தியாசம் இருப்பதாக வைத்துக்கொண்டால் வருஷத்திற்கு 2,400 ரூபாய் ஆகிறது. 50 வயதில் நோய் கண்டு 70 வரை மருந்திடுபவர்க்கு இது 48,000 ரூபாய். ஒரு கறவை மாட்டுக்கு முதலாகக்கூடிய தொகை அல்லவா இது?

பணம் வீணாவதைக் காட்டிலும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இம்மருந்தினால் பார்வை கூடுவதில்லை. குறையாமல் நிற்கிறது, அவ்வளவே. கூலிக்கு நெய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மூன்று மாதம் விலை கொடுத்து வாங்கி இட்டுப் பார்க்கிறார். கண் தெளிவடைந்ததாகத் தெரியவில்லை. நாலாம் மாதம் பாவு வரவில்லை, கையில் காசில்லை. மருந்தை நிறுத்துகிறார். நிறுத்தியதால் மறுநாள் எதுவும் நேர்ந்துவிடுவதில்லை. வலி கூட இல்லை. நிறுத்தியது சரியே என்று எண்ணுகிறார். ஈராண்டு கழித்துத் தறியின் ஓரம் தெரியாதபோது டாக்டரிடம் வருகிறார். விலையுயர்ந்த மருந்தை மூன்று மாதம் இட்டு நிறுத்தியவரை விட, மலிவான மருந்தை நாள் தவறாமல் இட்டு வந்தவரின் கண்ணுக்கே பிழைக்க வழி உண்டு.

மலிவான மருந்து எங்கே கிடைக்கும்? தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் ஏற்பட்டது முதல், அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு மருந்துகளை ஜெனரிக் பெயராலேயே டெண்டர் கோரி மொத்தமாக வாங்கி வருகிறது. நோயாளிகளுக்கு அவை இலவசமாக வழங்கப்படுகின்றன. ஆதலால் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அரசாங்க ஆஸ்பத்திரியின் கண் பிரிவே. மத்திய அரசாங்கத்தின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் 1,000 திறக்கப்பட்டன. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தோன்றிய ஆரோலேப், செயற்கை வில்லைகளைப் பெரிதும் குறைந்த விலைக்குச் செய்து புகழ் பெற்றது. அது சொட்டு மருந்துகளையும் தயாரிக்கிறது. 2022-இல் வெளியான தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் லேட்டனோபிராஸ்டும் சேர்க்கப்பட்டது. இப்பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசாங்கம் உச்சவிலை விதிக்கிறது.

வாங்கும் முறையிலும் சில விஷயங்கள் உண்டு. சீட்டில் வியாபாரப் பெயர் எழுதியிருப்பின், கடைக்காரர் தாமாக வேறு கம்பெனியின் மருந்தை மாற்றித் தரச் சட்டம் இடம் தரவில்லை. ஆகையால் டாக்டரிடமே, “ஐயா, மருந்தின் ஜெனரிக் பெயரை எழுதித் தாருங்கள்” என்று கேட்டுக்கொள்ளலாம். இதில் கூச்சம் வேண்டியதில்லை. கம்பெனியை மாற்றலாமேயன்றி மருந்தை மாற்றலாகாது. லேட்டனோபிராஸ்டை விட டிமோலால் மலிவு என்று கேள்விப்பட்டுத் தாமே மாற்றிக்கொள்வது ஆபத்தானது. ஆஸ்துமா உள்ளவர்க்கும், இதயத் துடிப்பு மிகவும் குறைந்தவர்க்கும் டிமோலால் பெருந்தீங்கு விளைவிக்கும்; கண்ணில் இட்ட மருந்து மூக்கின் வழியே இரத்தத்தில் கலந்துவிடுவதுதான் காரணம். கண் சிவந்தது என்று கடையில் தாமே கேட்டு வாங்கி இடும் சில துளிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவற்றை நெடுநாள் இட்டு, இல்லாத கண் அழுத்த நோயை வரவழைத்துக்கொள்வோரும் உளர்.

மலிவாக வாங்கியதும் கைத்தவறால் இரட்டிப்புச் செலவாகலாம். கண்ணிமைக்குள் ஒரு சொட்டுக்கே முழுவதும் இடமில்லை. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழிகிறது. கை நடுங்குவோர் படுத்துக்கொள்ள, வீட்டில் உள்ள வேறொருவர் கீழிமையை இழுத்துப் பிடித்து, புட்டியின் மூக்கு கண்ணில் படாமல் ஒரு சொட்டு விட வேண்டும். பின்பு கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் முனையை விரலால் ஓரிரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால், மருந்து கண்ணிலேயே தங்கும். லேட்டனோபிராஸ்ட் புட்டிகளில் பலவற்றைத் திறக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அறையிலேயே வைக்கத்தக்கவையும் உண்டு. எது எவ்வகை என்பது மேலட்டையில் அச்சிட்டிருக்கும். பெட்டியில்லாத வீட்டார் அவ்வப்போது ஒன்றாக வாங்குவதே நலம். திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் புட்டியையும் கையோடு கொண்டு போக வேண்டும். உடன் பிறந்தோரையும் வயது வந்த பிள்ளைகளையும் அன்றே அழைத்துச் செல்வது நல்லது. இந்நோய் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியதாகையால், அவர்களுடைய கண்களையும் சோதித்துப் பார்ப்பார்கள்.